சூடம் அணைத்த கை

பட்டாசு செய்கிற வெடி ஆபீஸ் வேனை விட்டு நாங்கள் இறங்கும்போது டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தினமும் ஒரு சிரிப்பு உண்டு. வெள்ளிச் சிலைகள் வந்தாச்சு என்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் வீட்டுப் பெண்களும் அந்தச் சிலைகளில் உண்டு. அலுமினியப் பொடி அறையில் நாள் முழுக்க வேலை பார்த்தால் முடி, இமை, காதுமடல், விரலிடுக்கு எல்லாம் பளபளவென்று ஆகிவிடும். கண்ணும் பல்லும் மட்டும்தான் பெற்றவள் கொடுத்த நிறத்தில் மிஞ்சும்.

அந்தக் கோலத்தில் வீட்டுக்குள் போக முடியாது. அடுப்பு எரிகிற இடத்தில் பொடி அப்பின சேலையோடு நின்றால் எதில் போய் முடியும் என்று எங்களுக்குத் தெரியும். ஆபீஸில் நாங்கள் குளிக்கவென்று ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். சோதனை போட அதிகாரிகள் வருகிற அன்றைக்கு அதில் தண்ணீர் நிறையும், அவர்களுடைய ஜீப் கிளம்பியதும் வற்றிவிடும். அதனால் வேன்காரர் எங்களைக் கம்மாய்க் கரையில் இறக்கிவிடுவார். படித்துறையில் இறங்கித் தேய்த்துத் தேய்த்துக் குளிப்போம். தண்ணீர் மேல் பாலாடை மாதிரி வெள்ளியாக ஒன்று படரும். அதைக் கையால் விலக்கிவிட்டு முங்குவோம். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஊரறியச் செய்ததுதான்.

என் பெயர் சுப்புலட்சுமி. ஊர் பூசாரிமடை. ஏழாயிரம்பண்ணையில் இருந்து மேற்கே பிரிகிற பாதையில் போனால் வரும். நான் சொல்ல வந்தது என் கதையை அல்ல, இருளம்மாள் மதினியின் கதையை. பொடி அறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது. இரண்டில் ஒன்றாவது தெரிந்திருந்தால் அவள் நன்றாக இருந்திருப்பாள்.

அவள் புருஷன் தனுஷ்கோடி அப்போது எங்கள் கம்மாயின் மடைக்காரர். எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு அறுவடையில் நெல் வாங்கிக்கொள்வார். நெல்லைவிட அவருக்குப் பெரிது ஒன்று உண்டு. பங்குனிப் பொங்கலன்று பத்திரகாளி அம்மனை முழுக்காட்ட முதல் குடத்தை மடைவாயில் மொண்டு தலையில் சுமந்து வருகிறவர் அவர்தான். மேளம் அவருக்கு முன்னால் போகும். மஞ்சள் தட்டோடு இருளம்மாள் பின்னால் வருவாள். வருஷம் பூராவும் வெள்ளிச் சிலையாக இருப்பவள் அன்றைக்கு மட்டும் மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, யாரையும் கண்டுகொள்ளாமல் நடப்பாள். நாங்கள் அவளை அவ்வளவு கேலி செய்வோம்.

கம்மாயில் நிற்கிற தண்ணீர்தான் கரைக்கு அந்தப் பக்கம் உள்ள கிணற்றில் ஊறும். ஊரே குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரை. தண்ணீரைக் கெடுத்தவன் விளங்க மாட்டான் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்வதோடு சரி.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் மழை முந்திக்கொண்டது. தீபாவளி நெருங்கிவிட்டது, சீசன் முடிகிற நேரம். கடைசி லோடு போனதும் அறைகளைக் கூட்டிப் பெருக்குவது வழக்கம். மிஞ்சின வெடிமருந்து, கூட்டின தூசி, கெட்டுப்போன சரக்கு எதையும் அறைக்குள் வைத்திருக்கக் கூடாது. வைத்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆபீஸின் கடைசி மூலையில் ஒரு குழி இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கொஞ்சம் கொஞ்சமாக எரிப்பார்கள். அந்த வருஷம் குழி மழைத்தண்ணீரில் நிரம்பிக் கிடந்தது. எரிக்க முடியவில்லை. மேனேஜர் லட்சுமிகாந்தம் உரச் சாக்குகளைக் கொண்டுவந்து போட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொன்னார். கட்டினது நானும் இருளம்மாளும்தான். எங்கள் ஊர்ச் சங்கிலிமுத்துவின் டிராக்டர் வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. எங்கே போகிறது என்று இருளம்மாள் கேட்டாள். போகிற இடத்துக்குப் போகுது, நீ அறையைக் கழுவு என்றார் மேனேஜர்.

தீபாவளி முடிந்து மழை வலுத்தது. ஓடையில் வெள்ளம் வந்து கம்மாய் ஏறியது. ஊருக்கே சந்தோஷம். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு காலையில் கெண்டையும் குறவையுமாக மீன்கள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கரை நெடுக ஒதுங்கிக் கிடந்தன. ஓடை வந்து சேருகிற இடத்தில் தண்ணீர் குடித்த ஆடுகள் நுரை தள்ளிச் செத்தன. கிணற்றுத் தண்ணீர் நாக்கில் துவர்த்தது. பிள்ளைகள் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு அழுதார்கள்.

தனுஷ்கோடி ஓடை வழியே மேலே நடந்தார். ஆபீஸைத் தாண்டி, கரட்டு மேட்டைச் சுற்றிப் பாதை திரும்புகிற இடத்தில், ஓடைக்குள் சாக்குகள் கிழிந்து கிடந்தன. மழை உள்ளே இருந்ததையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு மூன்று சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கோயில் முன்னால் விரித்தார். ஊர் கூடியது.

ஊர்த் தலைவர் சுந்தரபாண்டி சாக்கைப் புரட்டிப் பார்த்தார். உரச் சாக்கு எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு யாரை என்ன சொல்ல முடியும் என்றார். டிராக்டர்க்காரன் சங்கிலிமுத்து அவருடைய தங்கச்சி மகன். அவன் அப்போது அங்கேதான், வேப்பமரத்தடியில், எல்லோரோடும் சேர்ந்து உச்சுக் கொட்டிக்கொண்டு நின்றான்.

ஆனாலும் ஆடு செத்தவர்கள் விடவில்லை. முதலாளி வந்து பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை முதலாளி மகேஷ்குமார் வந்தார். சின்ன வயசு. படித்தவர். யாரையும் அடா புடா என்று பேச மாட்டார். ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் அவர் வீட்டிலிருந்து சீர் வரும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்தார். அதிலேயே பாதி ஊர் கரைந்துவிட்டது. எதுக்கு இவ்வளவு பேச்சு, நான் அம்மன் முன்னால் சூடம் அணைக்கிறேன் என்று அவரே சொன்னார்.

எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு கோர்ட்டும் கிடையாது. எரிகிற சூடத்தைப் பத்திரகாளி முன்னால் உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒருவர் சத்தியம் செய்துவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. மறுபடி கிளறுகிறவன்தான் குற்றவாளி. பொய்ச் சத்தியம் செய்தவனை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடுவோம். அம்மனுக்கும் எவ்வளவு வேலை!

பூசாரி தட்டில் சூடத்தைக் கொளுத்தினார். மகேஷ்குமார் நிமிர்ந்து நின்று சத்தமாகச் சொன்னார்.

"என் ஆபீஸ் வாசலைத் தாண்டி ஒரு சொட்டுத் தண்ணி வெளிய போகல. இது சத்தியம்."

வலது கையால் ஓங்கி அடித்தார். சூடம் அணைந்தது. கையில் கரி ஒட்டியதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

அவர் சொன்னது பொய் இல்லை. தண்ணீர் போகவில்லைதான், போனது மூட்டை. மூட்டையைப் பற்றிச் சத்தியம் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையா, தோன்றியும் கேட்கவில்லையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு ஒருத்தராவது அந்த ஆபீஸில் வேலை பார்க்கிற ஊர். ஆபீஸை மூடிவிட்டால் அடுப்பை மூட வேண்டியதுதான். அது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதலாளி மேல் தப்பில்லை என்றால் பிறகு மீன் எப்படிச் செத்தது என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் மேனேஜர் லட்சுமிகாந்தம் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். நம்ம பொம்பளையாட்கள் சாயங்காலம் பொடியோடு கம்மாயில்தானே இறங்குகிறார்கள், பாவம், தெரியாமல் செய்கிறார்கள், கோபிக்கக் கூடாது என்று பரிதாபமாகச் சொன்னார். எங்களுக்காகப் பரிந்து பேசுகிற மாதிரியே எங்களைக் காட்டிக்கொடுத்தார். எனக்கு அந்த ஆளின் தலைமயிரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது.

ஊருக்கு மூச்சு வந்தது. சுந்தரபாண்டி மறுபடி சூடம் கொளுத்தச் சொன்னார். பொடி அறையில் வேலை பார்க்கிற பெண்கள் வரிசையாக வரட்டும், கம்மாயில் பொடியைக் கழுவவில்லை என்கிறவள் அணைக்கட்டும் என்றார். யாரும் நகரவில்லை. எப்படி நகர முடியும்? இருளம்மாள் மட்டும் எழுந்து தட்டு முன்னால் போய் நின்றாள்.

"நான் குளிச்சேன். பொடியோடதான் குளிச்சேன். இல்லன்னு இதுல கைய வைக்க மாட்டேன்" என்றாள். பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள். "ஆனா சின்னையா, வருசம் பூரா நாங்க குளிச்சோம், ஒரு கெண்டகூடச் சாகல. ஓடைத் தண்ணி வந்த பொறவுதான செத்துச்சு? அந்த மூட்டைகள நானும் சுப்புவும்தான் கட்டினோம். அதயும் கேளுங்க."

நானும் எழுந்து ஆமாம், நாங்கள்தான் கட்டினோம், ஏற்றிப்போனது யார் டிராக்டர் என்று அங்கன நிற்கிறவனையே கேளுங்கள் என்றேன். சங்கிலிமுத்து தரையைப் பார்த்தான். என்னை உட்காரச் சொல்லிப் பின்னால் இருந்து நாலு பேர் சேலையை இழுத்தார்கள்.

"சூடம் அணைஞ்ச விசயத்தக் கெளறக் கூடாது" என்றார் சுந்தரபாண்டி. "அம்மனவிட நீ பெரியவளா இருளம்மா?"

தட்டில் சூடம் எரிந்து தானாகவே தீர்ந்தது. பெண்கள் யாரும் அணைக்கவில்லை என்பதே தீர்ப்பாகிவிட்டது. ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்கள் இனிமேல் படித்துறையில் இறங்கக் கூடாது. தண்ணீரைக் காக்க வேண்டியவன் வீட்டுப் பெண்ணே தண்ணீரைக் கெடுத்ததால் தனுஷ்கோடி மடையை விட்டு விலக வேண்டும். புது மடைக்காரன் சங்கிலிமுத்து. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். மடையைத் தூக்குகிற இரும்புக் கம்பியைத் தனுஷ்கோடி மறுநாள் காலையில் எடுத்துப்போய்க் கோயில் வாசலில் சாத்திவைத்துவிட்டு வந்தார்.

இருளம்மாளை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். இல்லை. முதலாளி பெரிய மனசு பண்ணி வரச் சொன்னார். மடை நெல்லும் போனபிறகு அவளும் வேனில் ஏறாமல் என்ன செய்வாள்? அதே அறை, அதே பொடி. வீட்டுக் கொல்லையில் ஒரு குடம் தண்ணீரில் உடம்பைக் கழுவினாள். எல்லோரும் அப்படித்தான் கழுவினோம். அந்தத் தண்ணீர் தெருவில் இறங்கி, சாக்கடையாக ஓடி, கடைசியில் கம்மாய்க்குத்தான் போனது. அதைக் கண்ணால் பார்க்காதவரை ஊருக்குக் குற்றமில்லை.

அவள் முன்னைப்போல் பேசுவதில்லை. ஒரு நாள் வேனில் என் தோளில் சாய்ந்துகொண்டு, அந்த மனுசன் ராத்திரியெல்லாம் தூங்காமல் முகட்டையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார், முதல் குடம் இனிமே இவர் தலையில் ஏறாது சுப்பு என்றாள்.

பங்குனிக்கு முன்னால் ஓடை ஓரத்தில் பெண்கள் குளிக்க ஒரு கட்டடம் எழும்பியது. முதலாளியின் அன்பளிப்பு. அவர் அப்பா பெயரில் சலவைக் கல் பதித்தார்கள். கழிவுத் தண்ணீர்க் குழாயை நேராக ஓடையில் விட்டிருந்தார்கள். ஓடை எங்கே போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பொங்கலுக்கு முதல் மரியாதை முதலாளிக்கு. முதல் குடத்தைச் சங்கிலிமுத்து சுமந்து வந்தான். நடக்கத் தெரியாமல் பாதித் தண்ணீரைத் தோளில் சிந்திக்கொண்டே வந்தான். கிணற்றுத் தண்ணீர் இன்னும் துவர்த்தது. கம்மாய் ஓரமாக ஒரு கொக்குகூட நிற்கவில்லை. அம்மனுக்கு வேறு தண்ணீர் கொண்டுவரலாமா என்று பூசாரி இரண்டு நாள் முன்னால் கேட்டிருக்கிறார். தலைவர் கூடாது என்றுவிட்டார். வேறு தண்ணீர் கொண்டுவந்தால் முதலாளியின் சத்தியம் என்னாவது? சத்தியத்தைக் காப்பாற்ற அம்மனைக் குளிப்பாட்டினார்கள்.

முழுக்காட்டின தண்ணீரை மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தீர்த்தமாகக் கொடுப்பது வழக்கம். உள்ளங்கையில் வாங்கி, குடித்துவிட்டு, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூசாரி செம்போடு முதலில் மகேஷ்குமாரிடம் வந்தார். அவர் வலது கையைக் குழித்து வாங்கினார். சூடத்தை அணைத்த அதே கை. கண்ணை மூடினார். உதட்டுக்குக் கொண்டுபோகாமல் அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டு கும்பிட்டார்.

நான் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்கள் பார்த்தார்கள். ஆண்கள் வரிசை முழுக்கப் பார்த்தது. கொட்டு அடித்துக்கொண்டிருந்தவர் கைகூட ஒரு தட்டு தவறியது. இருளம்மாள் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"மொதலாளி, தீர்த்தத்தக் குடிச்சிட்டுத்தான் தலையில தடவணும்" என்றாள். சத்தமே போடவில்லை. மறந்துபோன பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிச் சொன்னாள். "நீங்க குடிக்கலியே."

முதலாளி கையைப் பார்த்தார். நெற்றியில் மஞ்சள் தண்ணீர் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. துடைக்கவும் இல்லை. லட்சுமிகாந்தம், முதலாளிக்கு வயிறு சரியில்லை என்று ஏதோ முணுமுணுத்தார். பூசாரி கையில் செம்பைப் பிடித்தபடி யார் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றார்.

"ஏலே தனுஷ்கோடி, ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ" என்றார் சுந்தரபாண்டி.

தனுஷ்கோடி கடைசியில், தூண் மறைவில் நின்றார். மடை போன அந்த ஐப்பசிக்குப் பிறகு ஊருக்குள் அவர் வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை.

"கூட்டிட்டுப் போறேன்" என்றார். "அவ கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லச் சொல்லுங்க."

முதலாளி கும்பிட்ட கையை இறக்காமலே வாசலைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினார். கார் போகிற வரைக்கும் தனுஷ்கோடி காத்திருந்தார். பிறகு இருளம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவர்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத் தீர்த்தம் கிடைக்கவில்லை.

இனிமேலாவது ஒருத்தர் வாய் திறப்பார் என்று நான் நின்றேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. பூசாரி சுந்தரபாண்டியிடம் போனார். தலைவர் கையைக் குழித்து வாங்கினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். தலையில் ஊற்றிக்கொண்டார். அவருக்கு அடுத்தவர் தலையில் ஊற்றிக்கொண்டார். சங்கிலிமுத்து ஊற்றிக்கொண்டான். ஆடு செத்தவர்கள் ஊற்றிக்கொண்டார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள் பிள்ளை நாக்கை நீட்டவும் அதன் வாயைப் பொத்திவிட்டுத் தலையில் தடவினாள். வரிசை முழுக்க ஒருத்தர்கூடக் குடிக்கவில்லை. அப்படியானால் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கும் தெரியும், சூடம் அணைந்த அன்றைக்கும் தெரியும்.

தீர்ப்பை யாரும் மாற்றவில்லை. மடைக் கம்பி இன்றும் சங்கிலிமுத்து வீட்டில்தான் இருக்கிறது. இருளம்மாளும் நாங்களும் இன்றும் படித்துறையில் இறங்கக் கூடாது.

பொங்கல் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஊரில் எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு கரைக் கிணற்றுக்குப் போனார்கள். வேறு கிணறு இல்லை. நானும் போய் ஒரு குடம் மொண்டுவந்து உலை வைத்தேன்.